மாத்திரை இல்லாத ஆறு வாரம்

கழுத்தில் இருந்த தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். புற்று. அதற்குப் பிறகு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சுரப்பி செய்ய வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருந்தது, நானும் பழையபடி எல்லோரையும் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன். நாலைந்து மாதம் போனதும் டாக்டரம்மா, "உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கான்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். அதுக்கு நாலு வாரம் மாத்திரையை நிறுத்தணும். கடைசி ரெண்டு வாரம் அயோடின் இருக்கிற எதையும் வாயில வைக்கக் கூடாது" என்றார்.

கடையில் வாங்குகிற பாக்கெட் உப்பு, பால், தயிர், முட்டை, மீன், எதுவும் ஆகாது. மாத்திரையையும் நிறுத்தி, உடம்பை அயோடினுக்குக் காய விட்டுவிட்டு, கதிர்வீச்சு ஏற்றிய அயோடினைக் கொஞ்சம் குடிக்கக் கொடுப்பார்கள். புற்று செல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் பசியில் அதை இழுத்துக்கொள்ளும், படத்தில் புள்ளியாகத் தெரியும். பசி இல்லாவிட்டால் இழுக்காது. படம் சுத்தமாக வரும். ஒன்றும் இல்லை என்று நம்பி வீட்டுக்கு வந்து சேருவோம், அது உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இதை டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவையே போதும், ஏனென்றால் என் பிழைப்பே கிட்டத்தட்ட இதுதான்.

கோவையில் ஒரு கல்லூரியில் இருபது வருடமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சி என்று நான் செய்வதெல்லாம் நன்னீர்ப் பஞ்சை வைத்து. இந்த ஊரில் பஞ்சு என்று வாயைத் திறந்தால் எந்த மில்லுங்க என்பார்கள், விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. இது உயிர். அமராவதி அணையில் தண்ணீர் இறங்குகிற மாதங்களில் கரையோரக் கல்லைப் புரட்டினால் அடியில் அழுக்குப் பச்சையாக அப்பிக்கொண்டிருக்கும். வாய் இல்லை, வயிறு இல்லை, ரத்தம் இல்லை, நரம்பு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது விலங்குதான், விலங்கு மரத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று.

நம் உடம்பில் தைராய்டு ஹார்மோன் மாதிரி சில ஹார்மோன்கள் செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடும். உட்கருவில் அதற்கென்று ஒரு புரதம் மரபணுவைப் பிடித்தபடி காத்திருக்கும். அதற்கு உட்கரு ஏற்பி என்று பெயர். அந்தப் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. ஹார்மோன் வந்து அந்தக் குழியில் உட்கார்ந்தால் மரபணு திறக்கும், வேலை நடக்கும். மனிதனுக்கு இப்படி நாற்பத்தெட்டு ஏற்பிகள். செடிக்கு இந்தக் குடும்பமே கிடையாது, காளானுக்கும் கிடையாது. பிரித்துப் படித்த ஒரு கடல் பஞ்சில் இருந்தது இரண்டே இரண்டு. சுரப்பியே இல்லாத ஜீவனுக்கு ஹார்மோன் ஏது? அப்புறம் அந்தக் குழி யாருக்காக? சாப்பாட்டில் வந்த கொழுப்பு அமிலத்தைத் தெரிந்துகொள்ளத்தான் முதல் குழி உண்டாகியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கணிப்பு. ஹார்மோன்களெல்லாம் எத்தனையோ கோடி வருடம் கழித்து வந்து அதில் குடியேறியவை. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு முதுகில் சில்லென்று இருக்கும். பேசுவதற்கு ஆள் பிறக்கும் முன்பே காது இருந்திருக்கிறது.

இன்னொன்றும் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். தைராய்டு ஏற்பியின் குழி காலியாக இருந்தால் அது சும்மா இருக்காது, பிடித்திருக்கிற மரபணுவை அமுக்கி மூடிவிடும். எத்தனை வருடம் எழுதியிருப்பேன். அது எனக்கே நடக்கப்போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாலு வாரம்தானே, தாண்டிவிடலாம் என்று மாத்திரை டப்பாவை அலமாரியில் மேலே தூக்கி வைத்தேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் குளிர ஆரம்பித்தது. போத்தனூரில் சித்திரை மாதத்து வெயில், தெருவில் நாய்கூட நிழல் தேடி ஓடுகிறது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய்கறிக்காரனிடம் நிற்கிறேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீடு ஜங்ஷனுக்குப் பக்கம். ரயில் ஹாரன் எனக்குப் பழகிய சத்தம். அந்த வாரம் அது முடியவே மாட்டேன் என்றது. வண்டி போன பிறகும் என் காதுக்குள் நீண்டுகொண்டே கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் கல்லூரியில் இருந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். சாயந்திரம் வரும்போது வாழைப்பழம் வாங்கி வாங்க என்று சொல்ல. நான் சொல்லி முடித்தேன். பிறகு அவர் ரொம்ப மரியாதையாக, "ஏனுங்க, இந்தப் போனு உங்க கைக்கு எப்படி வந்துச்சுங்க? இது என்ற சம்சாரத்தோட நம்பருங்க" என்றார். நான்தானுங்க என்றேன். இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். என் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்த மனுஷன், வேறு யாரோ ஒரு பொம்பளையிடம் பேசுகிற பணிவோடு "சரிங்க, வாங்கியாறனுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்து கோபம் போனது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிகிறவள் நான். அன்றைக்கு அவர் தனக்குக் காபி போடுகிறேன் என்று பாலைப் பொங்க விட்டு அடுப்பு மேடை முழுக்க ஆறாக ஓட விட்டார். பார்த்தேன். போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரே துடைத்துவிட்டு எதிரில் வந்து நின்று, "ஏன் அம்மணி, ஒண்ணும் சொல்ல மாட்டீங்கிறயே?" என்றார். திட்டு வாங்காததில் அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்கு அவர் முகம் தெரிந்தது, அது வெளிறியிருப்பதும் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது வாரம் ஆய்வகத்தில் ஒன்று நடந்தது. பஞ்சு அவ்வப்போது உடம்பைச் சுருக்கி, உள்ளே சேர்ந்த அழுக்கைத் தள்ளிவிட்டு, மறுபடி விரியும். கிட்டத்தட்ட தும்மல் மாதிரிதான், ஆனால் ஒரு தும்மலுக்கு அரைமணி நேரம்கூட ஆகும். கண்ணால் பார்க்க முடியாது. கேமராவை நிறுத்தி வைத்து, பிறகு வேகமாக ஓட விட்டுத்தான் பார்ப்போம். அன்றைக்கு ஜன்னலோரம் கண்ணாடித் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சுருங்குவதைப் பார்த்தேன். நகர நகரப் பார்த்தேன், ஒருவர் மூச்சை இழுத்து விடுவதை எதிரில் இருந்து பார்க்கிற மாதிரி. கேமரா இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அதில் ஆச்சரியம்கூட இல்லை. "ஏனுங்க மேடம், பூட்டோணுங்க" என்று வாசலில் காவலாளி குரல் கேட்டபோது மணி ஐந்தே கால். மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள். பஞ்சு என் வேகத்துக்கு ஏறி வரவில்லை, நான்தான் அதன் வேகத்துக்கு இறங்கிப் போயிருந்தேன். பக்கத்தில் கடுங்காப்பி தொடாமல் ஆறிக் கிடந்தது.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். கிணத்துக்கடவில் தோட்டம், பொதுக் கிணறு, யார் எப்போது மோட்டார் போடுவது என்பதில் ஆரம்பித்த சண்டை. பன்னிரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் குடிக்கிற உறவுகூடக் கிடையாது. எனக்குப் புற்று என்று யாரோ சொல்லி, நேராகப் புறப்பட்டு வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "அம்மணி, உடம்பு எப்படி இருக்குதுங்க? ஞாயித்துக்கெழமை ஒரு நேரம் ரெண்டு பேரும் தோட்டத்துக்கு வந்து கை நனைச்சுட்டுப் போங்க. பழசெல்லாம் உட்ருங்க" என்றார். என் வீட்டுக்காரர் அழுதார். அண்ணனும் தம்பியும் கேட்டின் இரண்டு பக்கமும் நின்று அழுததை நான் ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனுக்கு மூன்று நாள் முன்பு. எனக்குக் கல்லுப்புப் போட்டு வேகவைத்த சோறும் பொரியலும் ஒரு டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டோம். அயோடின் சேர்க்காத உப்பு, அலைந்து வாங்கியது. தோட்டத்துக்குப் போய் இறங்கினால், வாசலில் கோலம், வீட்டுக்குள் இலை விரித்தாகிவிட்டது. டிபன் பாக்ஸ் காரிலேயே இருந்தது. இறங்கும்போது அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எடுத்துப்போக முடியாது. எங்கள் பக்கம் முறிந்த உறவு சேர்கிறது என்றால் அதற்குச் சாட்சி கையெழுத்து இல்லை, சோறுதான். அந்த வீட்டு உப்பைச் சாப்பிட்டால் சேர்ந்தாயிற்று. வந்து உட்கார்ந்துவிட்டு, எனக்கு உங்கள் உப்பு ஆகாது என்று சொல்லி, சொந்தச் சோற்றை அவிழ்த்து வைத்தால் சண்டை இன்னும் பன்னிரண்டு வருடத்துக்குப் போகும். வைத்தியம் அது இது என்றால் சாக்கு என்பார்கள்.

அண்ணன் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுவேன், இலையின் மூலையில் முதலில் உப்பை வைத்தார். மாவு மாதிரி வெள்ளை வெளேர் என்று பாக்கெட் உப்பு. பிறகு கோழிக் குழம்பு, முட்டை, கட்டித் தயிர். "நல்லாச் சாப்புடு கண்ணு, எப்படி இருந்த புள்ள, மூஞ்சியெல்லாம் ஊதிப் போயிருச்சு" என்று என் கன்னத்தைத் தொட்டார். அவர் கை கொதிக்கிற மாதிரி சுட்டது. நான் சாப்பிட்டேன். உப்பையும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். போதுங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. இரண்டாவது தடவை தயிர் ஊற்றினார், அதையும் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது வீட்டுக்காரர் வழி முழுக்க, "ஒரு நேரந்தானே அம்மணி, ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே நுழைகிற இடத்தில் எதிரே ஒரு பொம்பளை வந்தாள். முகம் உப்பி, புருவம் பாதி உதிர்ந்து, உதடு தடித்து, பார்க்கப் பாவமாக இருந்தது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் வேறு. நான் ஒதுங்கி, "நீங்க வாங்க" என்றேன். அவளும் அதே நேரத்தில் ஒதுங்கி வாயசைத்தாள். மறுபடி வழி விட்டேன், அவளும் விட்டாள். வீட்டுக்காரர் வந்து என் தோளைப் பிடித்து அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். கதவோடு அவளும் விலகிப் போனாள்.

டாக்டரம்மா கேட்டார், "சாப்பாட்டுக் கட்டுப்பாடு ரெண்டு வாரமும் சரியா இருந்தீங்களா?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "இருந்தாங்க" என்றார். நான், "இல்லைங்க. ஞாயித்துக்கிழமை எல்லாம் சாப்பிட்டேனுங்க. உப்பு, முட்டை, தயிர்" என்றேன்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும், எவ்வளவு நேர்மை, உண்மையைச் சொன்னதால்தான் பிழைத்தாய் என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நேர்மையாவது ஒன்றாவது. பொய் சொல்லக் கொஞ்சமாவது பயம் வேண்டும். படத்தில் புள்ளி வந்துவிடுமோ என்கிற பயம் இருந்தால், சுத்தமான படம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடலாம் என்று மனசு ஆசைப்படும். என்னிடம் அந்தப் பயமே இல்லை. கேட்டார், வாய் இருந்ததைச் சொன்னது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்" என்றார். சரிங்க என்றேன். வீட்டுக்காரர்தான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் வீட்டுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று முடிவு செய்தோம். இன்றுவரை தெரியாது.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி என்னிடம் அதிகம் இல்லை. காலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் விடுவார், சாயந்திரம் கூட்டிக்கொண்டு வருவார். வீட்டில் தனியாக விடப் பயம் அவருக்கு. பஞ்சை எடுத்து மெல்லிய நைலான் துணியில் வைத்து நசுக்கினால் செல் செல்லாகப் பிரிந்து தண்ணீர் பால் மாதிரி கலங்கும். அப்படியே விட்டுவிட்டால் அந்தச் செல்கள் ஊர்ந்து, ஒன்றை ஒன்று தேடிப் பிடித்து, உருண்டை உருண்டையாகச் சேர்ந்து திரும்பப் பஞ்சாகும். பிரிந்ததும் அதற்குத் தெரியாது, சேர்ந்ததும் தெரியாது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தட்டைப் பார்த்தபடி, இதில் எது நான் என்று கொஞ்ச நேரம் தேடியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தேடினேன். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கழுத்தில், இடது பக்கம், கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"இன்னும் ஒரு புள்ளி இருக்குதும்மா" என்றார். "போன தடவையே எடுத்திருந்தா இது தெரியாமப் போயிருக்கும். பெரிய டோஸ் மருந்து குடுத்துடலாம். அது இதைக் கருக்கிடணும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும்."

"சரிங்க" என்றேன். பக்கத்தில் வீட்டுக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். நர்ஸ் என்னைக் காட்டி அவரிடம், "உங்க சம்சாரத்தப் பாருங்க, எவ்வளவு தைரியமா இருக்காங்க" என்றாள்.

மூன்று நாள் தனி அறையில் போட்டார்கள். என் உடம்பில் இருந்தே கதிர்வீச்சு வரும் என்பதால் யாரும் கிட்டே வரக் கூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டை வைத்துவிட்டு, தட்டிவிட்டு, போய்விடுவார்கள். அதன் பிறகு மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். காலையில் வெறும் வயிற்றில், பழைய மாதிரியே. போட்டதும் சரியாகிவிடாது, அது ரத்தத்தில் ஏறி, செல் செல்லாகப் போய், காலியாகக் கிடக்கிற குழிகளில் உட்கார நாளாகும். இது எனக்குத் தெரியும் என்பதால் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ரயில் ஹாரன் தன் அளவுக்குச் சுருங்கியது.

பதினோராம் நாள் காலை பத்து மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டாவது தண்ணீர் பிடிக்கிறேன், அப்போது கேட்டது. இன்னும் ஒரு புள்ளி இருக்குதும்மா. டாக்டரம்மா குரல், அந்தத் திரை, கழுத்தின் இடது பக்கம். பாத்திரம் தொட்டிக்குள் விழுந்து அரிசியெல்லாம் சிதறியது. நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். சாகப்போகிறோம் என்று அவ்வளவு பயம் என் ஆயுசில் எனக்கு வந்ததில்லை.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்னாச்சு கண்ணு, என்ன பண்ணுது?"

"எனக்குக் கழுத்துல இன்னும் இருக்குதாமுங்க."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அதுக்குத்தான் மருந்து குடுத்தாச்சே கண்ணு. அவங்க சொல்லி ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிப்போச்சே."

"எனக்கு இப்பத்தானுங்க சொன்னாங்க" என்றேன்.